ஒரே டைப்ரைட்டர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை புடிச்சுக் கெடக்கு. "என்ன சார், பென்ஷன் வாங்க ஆரம்பிச்சதும் பேனாவையும் சரண்டர் பண்ணிட்டீங்களா?"ன்னு நண்பர் ஒருத்தர் தனிமடல்ல கேட்டிருந்தார். பேனா இருக்கு. பண்ணைக்காட்டு மழையையும் தாண்டிக்குடி காபியையும் மலைவாழையையும் பத்தி எத்தனை பதிவுதான் போடறது, சொல்லுங்க! இன்னைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். கோர்ட்டு வாடையும் அடிக்கும். பொறுத்துக்கங்க.

போன மாசம் கண்ணாடி மாத்தறதுக்காக கொடைக்கானல் போயிருந்தேன். ஊத்து வரைக்கும் நல்ல வெயில். பெருமாள்மலை தாண்டினதும் பஸ்ஸுக்குள்ளயே பனி வந்து உக்காந்துக்கிச்சு. 2024 மே 7-ல ஐகோர்ட் உத்தரவுல ஆரம்பிச்ச இ-பாஸ் பத்தி முன் சீட்டுல ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்க. பஸ்ல வர்றவனுக்கு அது எதுக்கு? ஆனா ஐகோர்ட்னு காதுல விழுந்தாலே எனக்கு முதுகு நிமிர்ந்துடும். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம்.

கண்ணாடிக் கடையில "ரெண்டு மணி நேரம் ஆகும்"னுட்டான். சரின்னு ஏரிப் பக்கம் நடந்தேன். போட் ஹவுஸ் கிட்ட பஜ்ஜிக் கடை பெஞ்சுல ஒரு வயசான அம்மா. மூக்கு வரைக்கும் சால்வை. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல போனதும் சட்டுனு எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரிஞ்சுடுச்சு. அவங்க எந்திரிச்ச விதத்துலயே தெரிஞ்சுடுச்சு. ஆபீசுல யார் உள்ள வந்தாலும் அப்படித்தான் எந்திரிப்பாங்க. என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க.

"உக்காருங்க அக்கா"ன்னேன். சொன்ன பிறகுதான் ஒண்ணு உறைச்சது. இத்தனை வருசத்துல அவங்களை நான் அக்கான்னு கூப்பிட்டது இதான் முதல் தடவை. ஆபீசுல பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வா, போ, தண்ணி கொண்டா. அப்ப எனக்கு வயசு இருபத்தாறு.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்குவோம்.

1990-கள். கீழே சமவெளியில ஒரு ஊர்க் கோர்ட்டு. எந்த ஊர்னு சொல்லப் போறதில்லை. கொடைக்கானல் கோர்ட்டு இல்லைங்கறது மட்டும் சத்தியம், அங்க நான் வேலையே பாத்ததில்லை. நம்ம கோர்ட்டு ஆபீஸ் எப்படி இருக்கும்னு வெளியாளுங்களுக்குத் தெரியாது. சினிமாவுல வர்ற கூண்டும் சுத்தியலும்தான் தெரியும் (சுத்தியல் நான் சர்வீஸ் முழுக்கப் பாத்ததே இல்லை!). பின்கட்டுல சிரஸ்தார், பெஞ்ச் கிளார்க், அமீனா, காப்பியிஸ்ட், டைப்பிஸ்ட், டவாலி, ஆபீஸ் உதவியாளர்னு ஒரு தனி உலகம். நான் டைப்பிஸ்ட். தமிழ் மிஷின் ஒண்ணு, இங்கிலீஷ் மிஷின் ஒண்ணு. இங்கிலீஷ் மிஷின் என்னோட சொத்து மாதிரி.

அக்காவோட வீட்டுக்காரர் கோர்ட்டுல சம்மன் சார்வு பண்றவரு. சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டார். கருணை அடிப்படையில அக்காவுக்கு வேலை கெடைச்சது. பத்தாவது பாஸ், இருந்தாலும் ஆபீஸ் உதவியாளர் வேலைதான். காகிதத்துல ஆபீஸ் உதவியாளர். நெஜத்துல காலைல ஆறரைக்கு அதிகாரி வீட்டுல நிக்கணும். வாசல் தெளிச்சு, பாத்திரம் கழுவி, துணி துவைச்சு, பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு ஓடி வந்து பானையில தண்ணி புடிச்சு வெக்கணும். சாயந்திரம் திரும்ப அந்த வீடு. இதை எங்கள்ல யாரும் அதிசயமா நெனைச்சதில்லை. "வீட்டு டூட்டி"ன்னு அதுக்கு ஒரு பேரே வெச்சிருந்தோம்.

ஒரு தடவை பையனுக்குக் காய்ச்சல். மூணு நாள் காலைல அதிகாரி வீட்டுக்கு அக்கா போகலை. கோர்ட்டுக்கு மட்டும் பத்து மணிக்குக் கரெக்டா வந்துட்டாங்க, ஆஜர் பதிவேட்டுல கையெழுத்து இருக்கு. அந்த மூணு நாள்ல அதிகாரி வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க போல. திங்கக்கிழமை என்னை உள்ள கூப்பிட்டார். நாலு வரி சொன்னார். "டைப் பண்ணிக் கொண்டு வாங்க. ஸ்ட்ராங்கா இருக்கணும்"னார்.

இங்கதான் நான் ஒத்துக்க வேண்டியது வருது. அந்த மெமோவை ஸ்ட்ராங் ஆக்கினது நான். அவர் சொன்னது நாலு வரி, நான் அடிச்சது ஒரு பக்கம். பழைய ஃபைல்களைப் பாத்துப் பாத்து எனக்கு அந்த பாஷை கைவந்திருந்தது. வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, அரசு ஊழியருக்கு ஒவ்வாத நடத்தை, அலுவலக ஒழுங்குக்கு ஊறு, எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அடுக்கினேன். பையனோட காய்ச்சல் அதுல இல்லை. வீட்டு வேலைங்கற வார்த்தையும் இல்லை. "அலுவல் பணி"ன்னு போட்டேன். மூணு நாள் பாத்திரம் கழுவ வராதது, என் விரல் பட்டதும் மூணு நாள் அலுவல் பணி தவறினதா மாறிடுச்சு. அதிகாரி படிச்சுட்டு "வெரிகுட்"னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. நெஜமா.

சாயந்திரம் அக்கா அந்தப் பேப்பரோட என்கிட்டயே வந்து நின்னாங்க. "சார், இங்கிலீசுல இருக்கு. என்னான்னு சொல்லுங்க சார்." ஏழு நாளுக்குள்ள விளக்கம் குடுக்கணும்னு சொன்னேன். சிரஸ்தார் நல்ல மனுசன். "எதுக்கு வம்பு? மன்னிப்பு எழுதிக் குடுத்துரச் சொல்லுப்பா. ரெண்டு நாள்ல ஐயா கோவம் தணிஞ்சிரும்"னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அதே மிஷின்ல, அதே மேசையில, நானே உக்காந்து அவங்களுக்காக நிபந்தனையற்ற மன்னிப்பு ஒண்ணு அடிச்சுக் குடுத்தேன். இனி இப்படி நடக்காதுன்னு கடைசி வரி. அக்கா கையெழுத்துப் போட்டாங்க. "நீங்க நல்லா இருக்கணும் சார்"னாங்க.

அரசாங்க வேலையில இல்லாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகள்ல 17(அ), 17(ஆ)ன்னு ரெண்டு உண்டு. 17(ஆ) பெரிய தண்டனைக்கு. குற்றச்சாட்டு, விசாரணை அதிகாரி, சாட்சின்னு முறையா நடக்கணும். 17(அ) சின்னத் தண்டனைக்கு. கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம் மாதிரி. அதுக்குப் பெரும்பாலும் சாட்சி விசாரணை எதுவும் நடக்காது. மெமோ, விளக்கம், உத்தரவு, முடிஞ்சுது. அந்த விளக்கக் கடிதம் ஒண்ணுதான் ஊழியனோட வாய். அந்த வாய் "தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்க"ன்னு சொன்னா, சட்டத்தோட காதுல அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். சமாதானம்னு நாங்க நெனைச்சு அடிச்ச காகிதம், ஃபைல்ல போய் சாட்சியா உக்காந்துடுச்சு.

ஒரு வருச இன்கிரிமென்ட் போச்சு. அது பெருசில்லை. அது நடப்புல இருந்த சமயத்துல ரெக்கார்ட் கிளார்க் பதவி உயர்வுப் பட்டியல் வந்துச்சு. அக்கா பேர் விடுபட்டுச்சு. அடுத்த பட்டியல் வர்றதுக்குள்ள பல வருசம் ஓடிடுச்சு. அப்புறம் மூட்டுவலி, மாத்தல் போடற ஊர் தூரம்னு அவங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். ஆபீஸ் உதவியாளராவே ரிட்டையர். மெமோ குடுத்த அதிகாரி அந்த மே மாசமே மாறுதல்ல போயிட்டார். அவருக்கு அந்த மூணு நாள் ஞாபகம்கூட இருக்காது.

இதுக்கு அக்கா எங்க போய்ப் புகார் சொல்லியிருக்க முடியும்? இதை நான் சர்வீஸ்ல இருந்தப்ப யோசிச்சதே இல்லை. ரிட்டையர் ஆனப்புறம் உக்காந்து யோசிச்சா தலை சுத்துது.

அரசியல் சட்டத்துல 235-வது பிரிவு, கீழ்க் கோர்ட்டுகள் எல்லாம் ஐகோர்ட்டோட கட்டுப்பாட்டுலன்னு சொல்லுது. நல்ல நோக்கம்தான். அரசாங்கம் கோர்ட்டுக்குள்ள மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு வெச்சது. அரசு ஊழியர்களோட சர்வீஸ் வழக்குக்காக 1985-ல நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் வந்தப்ப, கோர்ட்டு ஊழியர்களை அதுலேருந்து விலக்கி வெச்சுட்டாங்க. அப்ப வருவாய்த் துறை கிளார்க் தீர்ப்பாயத்துக்குப் போக முடிஞ்சது, கோர்ட்டு கிளார்க் போக முடியலை. மாவட்ட நீதிபதிக்கு மனு, ஐகோர்ட்டுக்கு மேல்முறையீடு, அதுவும் தோத்தா அதே ஐகோர்ட்டுல ரிட். நிர்வாகப் பக்கம் போட்ட உத்தரவை நீதிப் பக்கம் ரத்து பண்ணினது எத்தனையோ தடவை நடந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மதுரைக் கிளை வந்ததே 2004 ஜூலை 24-லதான். அதுக்கு முன்னாடி எங்க பக்கத்து ஆபீஸ் உதவியாளர் ஒருத்தர் ரிட் போடணும்னா சென்னைக்கு ரயிலேறணும், வக்கீல் பிடிக்கணும், அந்த வழக்குல எதிர்மனுதாரரா அவங்க தினமும் சலாம் போடற ஆபீசையே சேர்க்கணும். யார் போவா?

2016-ல சத்தியமங்கலம் சார்பு நீதிமன்ற விவகாரம் ஞாபகம் இருக்கா? அங்க ஒரு பெண் ஆபீஸ் உதவியாளருக்கு பிப்ரவரி மாசம் ஒரு மெமோ. உள்ளாடை உட்படத் துணிகளைச் சரியாத் துவைக்கலைன்னு அதுலயே எழுதியிருந்தது. மார்ச்சுல பத்திரிகையில வந்து நாடே பேசுச்சு. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எங்க ஆபீசுல எல்லாரும் "இப்படியுமா"ன்னு வாயைப் பொளந்தாங்க. எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு, யார்கிட்டயும் சொல்லலை. அந்த மெமோவை அடிச்சவங்க துணியைத் துணின்னே அடிச்சிருக்காங்க. அதனாலதான் விஷயம் வெளிய வந்தது. என்னை மாதிரி ஒரு கெட்டிக்கார டைப்பிஸ்ட் இருந்திருந்தா அது "அலுவல் பணியில் அசிரத்தை"ன்னு மாறியிருக்கும். ஒரு ஈ காக்காய்க்கும் தெரிஞ்சிருக்காது.

1997-ல விசாகா தீர்ப்பு, அப்புறம் 2013-ல சட்டம்னு பெண்களுக்கு ஒரு வழி வந்திருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல உள் குழு, தலைமைக்கு மூத்த பெண் அதிகாரி, வெளியாள் ஒருத்தர், மூணு மாசத்துக்குள்ள புகார், 90 நாள்ல விசாரணை. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு சங்கதி: சமரசம் பேசலாம், ஆனா புகார் குடுத்த பெண் கேட்டால் மட்டும்தான், பணத்தை வெச்சு சமரசம் கூடாது. எழுதின புண்ணியவான்களுக்கு ஆபீஸ் நல்லாத் தெரிஞ்சிருக்கு! ஆனா அந்தச் சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டும். பாத்திரம் கழுவச் சொல்றதுக்கும், சாதி பாத்து டம்ளரைத் தள்ளி வைக்கறதுக்கும், எல்லார் முன்னாடியும் ஃபைலை மூஞ்சியில வீசறதுக்கும் அந்தக் குழுகிட்ட வேலை இல்லை.

குழு இருந்தாலும் மேல போகப் போகப் பாதை குறுகித்தான் போகுது. 2019-ல உச்ச நீதிமன்றத்துலயே ஜூனியர் உதவியாளரா இருந்த ஒரு பெண், அப்போதைய தலைமை நீதிபதி மேல புகார் சொன்னாங்க. மூணு நீதிபதிகள் கொண்ட உள் குழு விசாரிச்சது. வக்கீல் வெச்சுக்க அனுமதிக்கலைன்னு அவங்க பாதியிலேயே விலகிட்டாங்க. புகார்ல சாரம் இல்லைன்னு குழு சொன்னது, அறிக்கை வெளிய வரலை. வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்த அவங்களுக்கு 2020 ஜனவரியில வேலை திரும்பக் கெடைச்சது. மத்தியப் பிரதேசத்துல ஒரு பெண் கூடுதல் மாவட்ட நீதிபதி, ஐகோர்ட் நீதிபதி மேல புகார் சொல்லி 2014-ல ராஜினாமா பண்ணினாங்க. புகார் நிரூபணமாகலைன்னு விசாரணைக் குழு சொன்னது. ஆனா அந்த ராஜினாமா மனசார குடுத்ததா எடுத்துக்க முடியாதுன்னு 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்லி, வேலையைத் திருப்பிக் குடுத்தது. ஜட்ஜம்மாவுக்கே ஏழரை வருசம். எது உண்மை, எது பொய்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு? சொல்ல வர்றது ஒண்ணுதான். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ற வீட்டுக்குள்ள ஒரு சண்டைன்னா, அதைக் கேக்க வெளியாள் கெடைக்கறது கஷ்டம்.

நான் உக்காந்திருந்த ஊரையே எடுத்துக்கங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001-ல மூடினது. பாதரசம் உடம்பைக் கெடுத்துடுச்சுன்னு முன்னாள் தொழிலாளிங்க சங்கமா சேர்ந்து 2006-ல சென்னை ஐகோர்ட்டுக்குப் போனாங்க. பத்து வருசம் கழிச்சு, 2016 மார்ச்சுல 591 பேருக்கு கம்பெனியோட ஒப்பந்தம் ஆச்சு. அதுவும் சமரசம்தான். பத்து வருசம் ரொம்ப அதிகம்தான். ஆனா அங்க ரெண்டு பக்கம் இருந்தது, நடுவுல மூணாவதா ஒரு கோர்ட்டு இருந்தது. அக்கா விஷயத்துல மெமோ அடிச்சவனும் நான், பதில் அடிச்சவனும் நான், தண்டனை உத்தரவு அடிச்சவனும் நானே. மூணு பக்கமும் ஒரே டைப்ரைட்டர்.

சரி, பெஞ்சுக்கு வருவோம். மகளும் மருமகனும் பேத்தியும் போட்டிங் போயிருந்தாங்க. அக்காவுக்கு முழங்கால் வலி, கரையில உக்காந்துட்டாங்க. மகனைப் பத்திக் கேட்டேன், அந்தக் காய்ச்சல்காரப் பையன். திருப்பூர்ல இருக்கானாம், நல்லா இருக்கானாம். டீ வந்துச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஏரியைப் பாத்தோம். பனியில போட் வர்றதும் தெரியலை, போறதும் தெரியலை.

எனக்கு மனசு கேக்கலை. "அக்கா, அந்த மெமோ..."ன்னு இழுத்தேன்.

"நீங்கதான சார் அடிச்சீங்க"ன்னாங்க, சாதாரணமா. "இங்கிலீசு மிசினு ஒண்ணுதான இருந்துச்சு. அதுல நீங்கதான உக்காந்திருப்பீங்க."

"அப்பவே தெரியுமா?"

"தெரியாம என்னா. உங்கள விட்டா எனக்கு யாரு சார் எழுதிக் குடுப்பா?"

நான் டீ கிளாஸைப் பாத்துக்கிட்டே இருந்தேன். திட்டியிருந்தா தேவலை.

"கோவமெல்லாம் இல்ல சார். நீங்க புள்ளகுட்டிக்காரரு, சொன்னத அடிச்சீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. மன்னிப்புன்னு எழுதினீங்கள்ல, அதுக்குப் பதிலா புள்ளைக்குக் காச்சல், அதான் வீட்டு வேலைக்கு வரலைன்னு இருந்ததை இருந்தபடி எழுதியிருந்தா என்னா சார் ஆயிருக்கும்?"

என்ன ஆகியிருக்கும்? தெரியலை. இன்னும் கோவம் வந்து 17(ஆ) போட்டிருக்கலாம். இல்லை, வீட்டு வேலைங்கற வார்த்தை ஃபைல்ல ஏறிடுமேன்னு பயந்து மெமோவையே கிழிச்சுப் போட்டிருக்கலாம். மாவட்ட நீதிபதி கண்ணுல பட்டிருக்கலாம். ஒண்ணு மட்டும் நிச்சயம். நடந்தது என்னன்னு ஒரு காகிதத்துலயாவது இருந்திருக்கும். இப்ப அந்த ஃபைலை யார் எடுத்துப் படிச்சாலும், ஒரு கீழ்ப்படியாத உதவியாளர், பெருந்தன்மையான ஒரு அதிகாரி, ஒரு சின்னத் தண்டனை, இவ்வளவுதான் இருக்கும்.

நான் பதில் சொல்றதுக்குள்ள பேத்தி ஓடி வந்துடுச்சு. "இவரு எங்க ஆபீசு சாரு. எனக்கு லெட்டரெல்லாம் எழுதிக் குடுப்பாரு"ன்னு அறிமுகம் பண்ணினாங்க. அந்தப் பொண்ணு வணக்கம் சொன்னது. நான் கண்ணாடி வாங்கணும்னு சொல்லிக் கெளம்பிட்டேன்.

சர்வீஸ்ல இருக்கற தம்பி தங்கச்சிகள் யாராவது இதைப் படிச்சா, இந்தக் கிழவன் சொல்றதைக் கேட்டுக்கங்க:

1. ஏதாவது நடந்தா அன்னைக்கே தேதி போட்டு, உங்க சொந்த வார்த்தையில எழுதி வெச்சுக்கங்க. பாத்திரத்தைப் பாத்திரம்னே எழுதுங்க.

2. பண்ணாத தப்புக்கு மன்னிப்பு எழுதாதீங்க. எந்த நல்லவர் சொன்னாலும் சரி.

3. மெமோ அடிச்சவர்கிட்டயே பதில் அடிக்கக் குடுக்காதீங்க :-)

4. நீதித்துறை அதிகாரி மேல புகார்னா மொட்டைக் கடிதம் வேண்டாம். கையெழுத்தும் பிரமாணப் பத்திரமும் இல்லாத புகாரை எடுக்கவே வேண்டாம்னு 2014-ல உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஐகோர்ட்டுகளுக்கு எழுதியிருக்கார். சங்கத்தைக் கூட வெச்சுக்கங்க, தனியாப் போகாதீங்க.

ராத்திரி பண்ணைக்காடு வந்து சேர்ந்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அந்த விளக்கத்தைத் திரும்ப எழுதிப் பாத்தேன். தமிழ்ல. நாலே வரிதான் வந்துச்சு.

"ஐயா, என் மகனுக்கு மூன்று நாள் காய்ச்சல். அதனால் தங்கள் வீட்டு வேலைக்கு வர இயலவில்லை. மூன்று நாளும் காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் பணிக்கு ஆஜராகியிருக்கிறேன். அலுவல் பணி எதிலும் நான் தவறவில்லை."

ஏழு நாள் கெடு. முப்பது வருசம் லேட்டு.

டிஸ்கி: இதை அக்காகிட்ட படிச்சுக் காட்டிட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன். போன்ல கேட்டாங்க. "இப்பத்தான் சார் சரியா எழுதியிருக்கீங்க"ன்னாங்க.